ஓட்டு வீட்டுக்குள் இரண்டாவது பூனை

ராசாத்தியும் குறுணியும் இப்போது ஒரே விறாந்தையில் படுக்கின்றன. ஒட்டிக்கொண்டு அல்ல, ராசாத்தி கதிரையில், குறுணி மூன்றடி தள்ளிக் கால்மிதியில். சாப்பாட்டு நேரத்தில் உறுமல் இல்லை. இரவில் ஓட்டுக்கு அடியில் அடிபாடு இல்லை. இரண்டு பூனைகள் கட்டிப்பிடித்துத் தூங்கும் படங்களைப் பார்த்துவிட்டு இந்த அலுவலில் இறங்குகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வளர்ந்த பெட்டைப் பூனை ஒரு புதுக்குட்டியைச் சகித்துக்கொண்டாலே வேலை முடிந்த மாதிரிதான். நட்பு வந்தால் அது மேலதிகம்.

ராசாத்திக்கு ஐந்து வயது. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தாயிற்று. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இதே வீட்டில் பிறந்து வளர்ந்தது. படலையில் இருந்து கிணற்றடி வரைக்கும் எல்லாம் அதன் காணி என்ற நினைப்பு. குறுணி மாரி மழைக்குள் பக்கத்து ஊரான திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் கிடைத்தது. வேண்டாத குட்டிகளைச் சந்தையடியில் விட்டுப்போகிறவர்கள் இருக்கிறார்கள். மீன் கழிவு கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்ற கணக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா சொன்னது: "உன்ர சோத்தில பங்கு குடுத்து வளர். எனக்கு வேலை வைக்காத." சரி, அனுமதி கிடைத்தது என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் வேலை வயதும் நிறையும். குசினித் தராசில் ஒரு பிளாஸ்ரிக் கிண்ணத்தை வைத்துப் பூச்சியமாக்கி, அதற்குள் குட்டியை இருத்தினேன். 620 கிராம். வாயைத் திறந்து பார்த்தால் பால் கோரைப்பற்களும் கடைவாய்ப் பற்களும் வந்திருந்தன. கண்ணின் நீலம் மாறத் தொடங்கியிருந்தது. அப்படியென்றால் ஏழெட்டுக் கிழமை. குட்டிகள் கிழமைக்கு ஏறத்தாழ 100 கிராம் ஏற வேண்டும் என்பது பொதுக்கணக்கு. எட்டுக் கிழமையில் 800 கிராம் பக்கம் நிற்க வேண்டியது இது. அன்றிலிருந்து காலையில் சாப்பாட்டுக்கு முன் நிறுத்து, கலண்டரில் எழுதி வந்தேன். குட்டிக்கு ஏதாவது வருத்தம் என்றால் முதலில் தராசுதான் சொல்லும்.

மிருக வைத்தியர் பூச்சி மருந்து கொடுத்தார், தடுப்பூசிக்கு நாள் குறித்தார். அதோடு கண்டிப்பாகச் சொன்ன ஒன்று: குறைந்தது இரண்டு கிழமைக்கு இரண்டையும் ஒரே காற்றில் விடாதே. சண்டைக்காக அல்ல, தொற்றுக்காக. நாய்களுக்கு வரும் பார்வோவின் உறவுக்கார வைரஸ் ஒன்று பூனைகளுக்கு உண்டு. வெள்ளணுக்களை இறக்கிவிடும், குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொன்றும்விடும். வெளியில் ஒரு வருடம் வரைக்கும்கூட உயிர்ப்போடு கிடக்கக்கூடியது. சாதாரணச் சவர்க்காரத்துக்கு அசையாது. ராசாத்தியின் ஊசியும் பிந்திப்போயிருந்தது, அதையும் அதே கையோடு போட்டாயிற்று. நிலம் துடைப்பதற்கு ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு வெறுந்தண்ணீரால் கழுவல். எங்கள் வீட்டில் வழமையாகப் பாவிக்கும் டெற்றோலை அலுமாரிக்குள் பூட்டி வைத்தேன். அது பூனைக்கு நஞ்சு. காலில் பட்டதை நக்கியே உள்ளே எடுத்துக்கொள்ளும்.

சரி, குட்டியை எங்கே வைப்பது? இதுதான் எங்கள் வீட்டின் உண்மையான பிரச்சினை. வாசித்த எல்லா இடத்திலும் "ஒரு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள்" என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். எழுதினவர்கள் ஓட்டு வீட்டில் இருந்ததில்லை. எங்கள் வீட்டின் உட்சுவர்கள் பத்தடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் கூரை வரைக்கும் வெளிதான், சீலிங் கிடையாது. காற்று நன்றாக ஓடும், ஒரு அறையில் இருமினால் நாலு அறைக்கும் கேட்கும். அந்தச் சுவர்களின் தலைப்பு ஒன்பது அங்குல அகலம். ராசாத்தி எலி பார்க்கப் போகும் வீதி அது.

குட்டியைச் சாமான் அறையில், வெங்காயச் சாக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு காட்போட் பெட்டிக்குள் விட்டுக் கதவைப் பூட்டினேன். மேலே பார்க்கவில்லை. அன்று இரவு கதறல் கேட்டு ரோச் லைற்றோடு ஓடினால், குட்டி சாக்குகளுக்குப் பின்னால் ஒடுங்கியிருக்கிறது, ராசாத்தி வாலை முழுதாக விரித்துக்கொண்டு அறையின் நடுவில் நிற்கிறது. மேலே ஏறி, சுவரால் நடந்து, அரிசிப் பீப்பாவில் குதித்து இறங்கியிருக்கிறது. காயம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு இரவுக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது: ராசாத்தி பக்கத்து வீட்டு அன்ரியின் விறாந்தைக்குக் குடிபெயர்ந்தது, சாப்பிட மட்டும் வந்தது, வந்த ஒரு நேரம் கழற்றிப் போட்டிருந்த என் சாரத்தில் மூத்திரம் பெய்துவிட்டுப் போனது. (இதைக் கழுவ பிளீச் பாவிக்கக்கூடாது. மூத்திரத்தோடு சேர்ந்து நெஞ்சடைக்கும் வாயுவைக் கிளப்பும். சவர்க்காரத்தில் தோய்த்து, பிறகு வினாகிரி கலந்த தண்ணீரில் அலசினேன்.)

அன்ரி இரண்டு குடும்பத்துக்கும் தீர்வு வைத்திருந்தா: "ரெண்டையும் ஒரு அறைக்குள்ள விட்டுப் பூட்டு தம்பி. அடிபட்டுப்போட்டு ராசியாகிடுங்கள்." இது ஊரில் எல்லோரும் சொல்வது. மனிதர்களுக்கே அது சரிவருகிறதா என்பது வேறு கதை. பூனைக்கு முதல் அடிபாட்டின் மணமும் பயமும் அப்படியே மனதில் ஏறி நிற்கும்; அடுத்த முறை கண்டதும் அந்த இடத்தில் இருந்துதான் தொடங்கும்.

குட்டியை என் அறைக்கு மாற்றினேன். பின்பக்கம் பிறகு கட்டிய அறை. கொங்கிரீட் கூரை, சுவர் மேல்வரை போகிறது, யன்னலுக்கு நுளம்பு வலை இருக்கிறது. முதலே அங்கே வைத்திருக்கலாம், நித்திரை கெடும் என்றுதான் தவிர்த்தேன். கெட்டது. விடியப்புறம் நாலு மணிக்குக் காற்பெருவிரலைக் கடிக்கும்.

அந்தக் கிழமை முழுக்கத் தெள்ளோடு போராட்டம். வயது காணாததால் மருந்துச் சொட்டுப் போட வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்தை எடுத்து அளவாகப் போடலாமே என்று யோசிக்கிறவர்கள் யோசிக்கவே வேண்டாம். பெர்மெத்ரின் உள்ளவை பூனையைக் கொல்லும். அம்மம்மாவின் பழைய பேன்சீப்புதான் ஆயுதம். பக்கத்தில் ஒரு கோப்பையில் சவர்க்காரத் தண்ணீர். கழுத்தில் இருந்து வாலடிக்கு இழுத்து, சீப்பில் வந்ததைத் தண்ணீரில் தட்டினால் தெள்ளு எழும்பாமல் அமிழும். வெறும் தண்ணீர் என்றால் துள்ளிப் போய்விடும். சீப்பில் வரும் கறுப்புத் தூள் ஊத்தையா, தெள்ளின் எச்சமா என்று பார்க்க, ஈர வெள்ளைத் துணியில் தட்டினேன். செம்பழுப்பாகக் கரைந்து பரவியது. குடித்த இரத்தம் அது. இரத்தம் குறைந்து முரசு (பல்லீறு) வெளிறியிருக்கிறதா என்று அன்றிலிருந்து நாளும் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். நல்லவேளை, இளஞ்சிவப்பாகவே இருந்தது.

சாப்பாடு: குட்டிகளுக்கான உலர் உணவை வெந்நீரில் ஊறவைத்து, நாளுக்கு நாலு தரம். இடையில் முள் எடுத்து அவித்த சூடை மீன் கொஞ்சம். அம்மா இரக்கப்பட்டுப் பால்மா கரைத்து வைத்தா. அடுத்த நாள் கழிச்சல். பூனைக்குட்டிக்குப் பால் என்பது எங்கள் எல்லோர் மண்டையிலும் ஊறிய விஷயம், ஆனால் மாட்டுப்பால் அதுகளுக்குச் செமிக்காது. கழிப்பிடம் ஒரு ஆழம் குறைந்த பேசினில் முற்றத்து மணல். மாரியில் மணல் நனைந்துபோய் எறும்பும் ஏறியதால் மரக்காலையில் ஒரு பை மரத்தூள் கேட்டு வாங்கினேன். குறுணி இரண்டையும் ஏற்றுக்கொண்டது. மரத்தூள் வீடெல்லாம் பரவும், அம்மா பேசுவா, மணலே மேல்.

மணம் பழக்கும் வேலை இதற்குள்ளேயே தொடங்கியாயிற்று. ஒரு சாக்கை இரண்டு துண்டாக வெட்டினேன். ஒன்று ராசாத்தியின் கதிரையில், மற்றது குறுணியின் பெட்டிக்குள். நாலைந்து நாள் படுத்த பிறகு மாற்றிப் போட்டேன். குறுணி மோந்து பார்த்துவிட்டு அதிலேயே சுருண்டது. ராசாத்தி சாக்கைப் பார்த்துச் சீறிவிட்டு இறங்கிப் போனது. அதனால் கதிரையில் இருந்து எடுத்து, அதன் சாப்பாட்டுத் தட்டில் இருந்து நாலடி தள்ளிப் போட்டேன். நேரத்துக்கு நேரம் ஒரு சாண் கிட்டே நகர்த்தி, கடைசியில் தட்டே சாக்கின் மேல் வந்தது. சூடை அவித்த அன்று ராசாத்திக்குச் சாக்கு ஒரு பொருட்டே இல்லை. பசியாக இருக்கும் பூனைதான் பாடம் படிக்கும்; எந்நேரமும் தட்டில் சோறு கிடக்கும் வீட்டில் இது நடக்காது. நேரம் வைத்துப் போட்டு, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

பிறகு மூடிய கதவின் இரண்டு பக்கமும் இரண்டு தட்டு. சீமெந்து நிலத்தில் சோக்கால் ஒவ்வொரு அடிக்கும் கோடு போட்டு, ஆறடியில் தொடங்கிக் கிட்டே கொண்டுவந்தேன். உறுமினால் ஒரு கோடு பின்னுக்கு. அம்மா நிலம் துடைக்கும்போதெல்லாம் கோடும் போகும். பிறகு கண்மதிப்பில் செய்துகொண்டேன், பெரிய நட்டமில்லை.

அப்புறம்தான் கம்பிவலைக் கதவு. முழு முயற்சியிலும் எனக்கு ஒன்று மட்டும் செய்ய நேரம் தந்தால் இதைத்தான் செய்வேன். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கலாம், மணக்கலாம், ஆனால் அடிக்க முடியாது.

வாசல் 2 அடி 8 அங்குலம் அகலம், 6 அடி 6 அங்குலம் உயரம். பாதி உயரத்தில் அடித்தால் காணும் என்று அயலவர் ஒருவர் சொன்னார். வளர்ந்த பூனை நின்ற நிலையில் ஐந்தடி எழும்பும், முழு உயரம்தான். கூரை மாற்றியபோது மிஞ்சிய பனஞ்சலாகைகள் கிணற்றடியில் கிடந்தன. காசில்லாத மரம் என்று சந்தோசப்பட்டேன். முற்றிய பனை கறுப்பாகக் கல்லாகிக் கிடக்கும். இரண்டு ஆணி அடித்தால் இரண்டும் வளையும். ட்ரில் மெசினால் துளைத்துத்தான் ஆணி இறக்க முடிந்தது. ஒரு சலாகையைப் பிடித்துக் கொஞ்சம் அழுத்தின நேரம் கைக்குள் சிலாம்பு ஏறியது. குறுணியை எடுக்கும் கைக்கும் பஞ்சு சுற்ற வேண்டி வந்தது. கடைசியில் பனையைக் கைவிட்டு, 2க்கு 1 அங்குலச் சட்டம் வாங்கினேன். நாலு மூலைக்கும் திருகாணி, நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். குறுக்கு இல்லாவிட்டால் சட்டம் நெளியும்.

வலை முதலில் கோழிக்கூட்டில் மிஞ்சிய இரண்டு அங்குல அறுகோணக் கண். குறுணி வந்தது, மூக்கை விட்டது, தலையையும் விட்டது, தோளில் சிக்கிக்கொண்டு கத்தத் தொடங்கியது. குறட்டால் ஒரு கண்ணை வெட்டி எடுத்தேன். பிறகு அரை அங்குலச் சதுரக் கம்பிவலை, 3 அடி அகலத்தில் 7 அடி. யூ ஆணியால் மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக அடித்து, வெட்டிய முனைகளை வெளிப்பக்கம் மடித்துத் தட்டினேன். அந்த முனைகள் கத்தி, மடிக்காமல் விடக்கூடாது.

அடுத்த தலையிடி, சட்டத்தை நிறுத்துவது. தாத்தா காலத்து வேப்பமர நிலையைப் பெயர்த்தெடுத்து இந்த அறைக்குப் பொருத்தியிருந்தார்கள். அதில் ஆணி அடிக்க அம்மா விடவில்லை. அதனால் பிணைச்சல் இல்லாமல், இரண்டு பக்கமும் மர ஆப்பு இறக்கி இறுக்கினேன். அசையாமல் நின்றது. ஆனால் ஒவ்வொரு முறை உள்ளே போகவும் ஆப்பைத் தட்டிக் கழற்ற வேண்டும். இரவில் தேத்தண்ணி குடிக்கப் போனாலும் சுத்தியலோடுதான் போனேன். கீழே வாசற்படிக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒன்றரை அங்குலம் வெளி இருந்தது. ராசாத்தி அதற்குள்ளால் முழங்கை வரை கையை விட்டுத் துழாவியது. பனஞ்சலாகை அங்கேதான் உபயோகப்பட்டது.

முதலில் வலைக்கு மேல் ஒரு பெட்சீற்றைத் தொங்கவிட்டு, கீழே நாலு அங்குலம் மட்டும் தெரியும்படி விட்டேன். சாப்பிடும் நேரத்தில் மட்டும் தூக்குவது, சாப்பிட்டு முடியமுன் இறக்குவது. தட்டு காலியான பிறகுதான் முறைப்பு தொடங்கும். சீறலைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அது "தள்ளி நில்" என்ற பேச்சு. கவனித்தது மற்றதை: சத்தமே இல்லாமல், உடம்பைத் தாழ்த்தி, கண் வெட்டாமல் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் ஒரு காட்போட் மட்டையைக் குறுக்கே இறக்குவேன். கையை விடுவதில்லை. பூனைக்கடி ஊசி குத்தினது போல ஆழமாக இறங்கி உள்ளே சீழ் பிடிக்கும். சந்தையில் கிடைத்த குட்டி என்பதால் விசர்நோய்ப் பயமும் உண்டு. அம்மாவின் கையில் குறுணி பிறாண்டிய அன்று, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்த ஊசி இலவசம், சோம்பல்பட ஒரு காரணமும் இல்லை.

ஒரு நாள் ராசாத்தி வலைக்கு முன்னால் முதுகைக் காட்டி இருந்து கால் நக்கியது. எதிரிக்கு முதுகு காட்டிக் கழுவுகிற பூனை எதிரி என்று நினைக்கவில்லை. ஆப்பைக் கழற்றத் துணிவு வந்தது அதைப் பார்த்துத்தான்.

நேருக்கு நேர் விடுவதற்கு முன் குறுணியை ஓடவிட்டுக் களைக்கப் பண்ணினேன். பனை ஈர்க்கு ஒன்றின் நுனியில் நூல் கட்டி, நூலில் கோழிச் சிறகு. கடையில் விற்கும் எந்த விளையாட்டுச் சாமானும் இதற்கு ஈடில்லை. ராசாத்திக்கு வயிறு நிறைய மீன். பிறகு திறந்துவிட்டேன், ஐந்து நிமிடம். கையில் மட்டையும் துவாயும். குறுணி நேரே ஓடிப்போய் வாலைப் பிடித்தது. ராசாத்தி தலையில் ஒரு அடி வைத்தது. நகம் உள்ளே இழுத்த அடி. குறுணி உருண்டு விழுந்து, எழும்பி, இரண்டடி தள்ளி உட்கார்ந்தது. அந்த அடியைத் தடுக்கக்கூடாது. மரியாதை படிப்பிக்க ராசாத்தியைவிடத் தகுந்த ஆள் இல்லை. காது பின்னுக்குப் படுத்து, இரண்டும் கட்டிப்பிடித்து உருண்டு, மயிர் பறந்தால் மட்டும்தான் மட்டை. அதற்கு ஒரே ஒரு தரம் தேவைப்பட்டது.

நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். உதவிக்கு வந்தது, முதலில் காரியத்தைக் கெடுத்த அதே சுவர்த் தலைப்பு. குறுணியால் அங்கே ஏற முடியாது. ராசாத்திக்கு வெறுத்துப்போனால் அலுமாரியால் ஏறி மேலே போய்விடும். போக இடம் இருக்கும் பூனை அடிக்கத் தேவையில்லை. அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்ரூலை வைத்து ஏற்றத்தை இலேசாக்கினேன். அதன் தட்டையும் அலுமாரிக்கு மேலே மாற்றினேன், ஏனென்றால் குறுணி தன் சாப்பாட்டை விழுங்கிவிட்டு மற்றத் தட்டுக்குள் தலையை விடும் சுபாவம்.

செலவு: வலை 2,450 ரூபா, சட்டம் 900, திருகாணியும் யூ ஆணியும் 350, பேசின் 480, குட்டிச் சாப்பாடு ஒரு கிலோ 2,300, வைத்தியர், பூச்சி மருந்து, முதல் ஊசி எல்லாம் சேர்த்து 4,500. மொத்தம் 10,980. ராசாத்தியின் ஊசி இதில் சேரவில்லை. அது எப்படியும் போட வேண்டியது.

அடுத்த முறை என்றால், மேலே மூடிய அறையைத்தான் முதல் நாளே எடுப்பேன். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சட்டத்தை நிலையோடு இறுக்காமல், தனியாக ஒரு சோடிக் கால்மரம் நிறுத்தி, பிணைச்சலும் கொளுக்கியும் போடுவேன்; சுத்தியலோடு தேத்தண்ணி குடிக்கப் போகும் வாழ்க்கை போதும். மரத்தூள் வாங்க மாட்டேன்.

சட்டத்தை அன்ரி கேட்டிருக்கிறா, கோழிக்குஞ்சுக்கு மூடியாகப் போட. இன்னும் கொடுக்கவில்லை. பின்மதிலால் ஒரு கடுவன் வரத் தொடங்கியிருக்கிறது, ராசாத்தி அதைக் கண்டால் குறுணியிலும் சேர்த்துக் கோபத்தைத் தீர்க்கிறது. அப்படி நடக்கும் நாளில் மறுபடி வலைக்கதவை நிறுத்தி, ஒரு மாலைப்பொழுது பிரித்து வைத்தால் இறங்கிவிடுகிறது. குறுணி நேற்று 1,450 கிராம். பெட்டைக் குட்டி நாலு மாதத்திலேயே சூட்டுக்கு வரலாம், அதற்கு முன் சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுக்க வேண்டும்.